கட்டடத்துக்கும் ஒரு ரன்னிங் சார்ட் வேண்டும்

கடந்த கச்சான் காலத்தில், ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதிக்காக மட்டக்களப்பில் அலுவலகம் ஒன்றில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். வெளியே தென்மேற்கிலிருந்து வரும் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. உள்ளே இரண்டு ஏசி, இரண்டும் பதினெட்டில். ஆட்கள் வந்துபோவதற்காக வாசல் கதவுக்கு அரைச் செங்கல் ஒன்றை அண்டை கொடுத்துத் திறந்தே விட்டிருந்தார்கள். போதாததற்கு மின்விசிறியும் சுழன்றது.

நான் இருந்த வாங்கின் காலில் வெள்ளைப் பெயின்ரால் ஓர் இலக்கம் எழுதியிருந்தது. எதிரே இருந்த அலுமாரியிலும் இலக்கம். சுவர்க் கடிகாரத்தின் அடியிலும் இலக்கம். வருட முடிவில் இருப்புக் கணக்கெடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பதிவேட்டில் சரி போடுவார்கள். ஒரு கதிரை குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். வாசலில் நின்ற வானுக்கு ரன்னிங் சார்ட் உண்டு. எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எங்கே போனது, எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர் டீசல், யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்கும்.

சான்றிதழைக் கையில் தந்த இளைஞரிடம் கேட்டேன், இந்தக் கட்டடம் மாதம் எத்தனை யுனிட் எரிக்கிறது தம்பி என்று. அவர் ஒரு கணம் யோசித்தார். “பில் வரும் ஐயா, கணக்குப் பகுதிக்குப் போகும், காசக் கட்டுவாங்க. யுனிட்ட ஆரு பாக்கிற?”

அவர் மேல் பிழை இல்லை. வாங்குக்கு இலக்கம் உண்டு, வானுக்குப் பதிவு உண்டு, இரவும் பகலும் மின்சாரத்தையும் டீசலையும் குடிக்கிற கட்டடத்துக்கு மட்டும் அப்படி ஒரு பதிவு கிடையாது. அது இருக்க வேண்டும், அதை இந்த ஊர்ச் சனம் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் களப்பில் ஏசி, அந்தக் களப்பில் நிலக்கரி

காலநிலை மாற்றம் என்றதும் நம் கண்முன் வருவது ஆலைப் புகைபோக்கியும் பேருந்தின் கரும்புகையும்தான். ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் ஹோட்டலுக்கும் புகைபோக்கி இல்லை, ஆகவே அவற்றை நாம் சந்தேகிப்பதில்லை. ஆனால் உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டால், வலுப் பாவனையால் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குக் கட்டடங்களின் அன்றாட இயக்கமே காரணம். வெளிச்சம், குளிரூட்டல், சுடுநீர், லிப்ட், தண்ணீர்ப் பம்ப். கட்டுவதற்கான சீமெந்தையும் இரும்பையும் சேர்த்தால் பங்கு மூன்றில் ஒன்றையும் தாண்டிவிடுகிறது.

புகை தெரியாததற்குக் காரணம், அது வேறோர் ஊரில் எழுவதுதான். நாம் ஏசி பொத்தானை அழுத்தும்போது எரிகிற நிலக்கரி நுரைச்சோலையில் இருக்கிறது. 2011 இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கி, 2014 இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற் ஆன லக்விஜய நிலையம் புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்துண்டில் நிற்கிறது. அங்குள்ள விவசாயிகளும் மீனவர்களும் சாம்பல் தூசியைப் பற்றி எத்தனையோ வருடமாக முறையிட்டு வருகிறார்கள். மட்டக்களப்பின் பெயருக்குள்ளேயே களப்பு இருக்கிறது. இந்தக் களப்பின் கரையில் ஏசி ஓட, அந்தக் களப்பின் கரையில் நிலக்கரி எரிகிறது. இடையில் ஒரு தீவின் அகலம் இருப்பதால் நமக்கு மணக்கவில்லை, அவ்வளவுதான்.

எரிந்ததன் பலன் மட்டும் தூரத்தில் நிற்பதில்லை. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. புளியந்தீவு அதன் நடுவே கிடக்கிறது, நகரத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரத்தில். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் மூத்தவர்கள் காலத்தைச் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றுதான் பிரிப்பார்கள். 1978 நவம்பர் 23 இரவுதான் அந்தச் சூறாவளி. பிறகு 2004 மார்கழியில் கடல் வந்தது. சுனாமிக்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் தண்ணீர் உள்ள ஓர் ஊருக்கு ஒரு சாண் என்றால் என்ன என்பது இந்த மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத விடயம்.

கணக்கு எழுதிய ஒரு கட்டடம்

இந்த மாவட்டத்திலேயே தன் கணக்கை எழுதிய ஒரு கட்டடம் இருக்கிறது. பிரண்டிக்ஸ் நிறுவனத்தின் மட்டக்களப்பு ஆடைத் தொழிற்சாலை. 2019 இல் நிகர பூச்சியக் கார்பன் சான்றிதழ் பெற்ற உலகின் முதலாவது ஆடைத் தொழிற்சாலை அதுதான். உலகப் பசுமைக் கட்டடப் பேரவையின் திட்டத்தின் கீழ் இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவை அந்தச் சான்றிதழை வழங்கியது. பங்களாதேஷ், வியட்நாம், சீனா, இந்தியா என்று உலகில் எத்தனை ஆயிரம் ஆடைத் தொழிற்சாலைகள்! அவற்றுக்கெல்லாம் முன்னே மட்டக்களப்பு போய் நின்றது. பாடும் மீனைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் இதைப் பேசியதில்லை.

சான்றிதழின் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம். கட்டடம் முதலில் தன் வலுப் பாவனையை நன்றாகக் குறைக்க வேண்டும். குறைத்தபின் மிஞ்சுகிற தேவையை முழுவதும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து, தன் கூரையிலிருந்தோ வெளியிலிருந்தோ, ஈடுசெய்ய வேண்டும். அதை இலக்கத்தில் காட்ட வேண்டும். பேரவையின் வரையறை கட்டடத்தின் அன்றாட இயக்கத்தைப் பற்றியது. துணி கப்பலில் வந்த கணக்கும், தொழிலாளர் பஸ்ஸில் வந்த கணக்கும், சுவர் எழுப்பிய சீமெந்தின் கணக்கும் வேறு. பூச்சியம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாமே பூச்சியம் என்று நினைத்துவிடக் கூடாது.

தொழிற்சாலைக்கு ஏன் இந்த அக்கறை வந்தது? அதில் இரகசியம் எதுவும் இல்லை. இலங்கையின் ஆடைத் துறை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தைக்கிறது. அங்குள்ள பெரிய பெயர்கள் தங்கள் வாடிக்கையாளருக்கும் முதலீட்டாளருக்கும் கார்பன் வாக்குறுதி கொடுத்திருக்கின்றன. அந்த வாக்கைக் காப்பாற்ற, தைத்துக் கொடுப்பவரிடம் இலக்கம் கேட்கின்றன. துல்ஹிரியவில் மாஸ் நிறுவனம் 2008 இல் பசுமைத் தொழிற்சாலை கட்டியதற்கும், அதே காலத்தில் சீதுவையில் பிரண்டிக்ஸ் தன் பழைய ஆலையை மாற்றியமைத்ததற்கும் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது. கேட்க ஆள் இருந்தது, கணக்கு வந்தது. கச்சேரியிடமும் ஆஸ்பத்திரியிடமும் பல்கலைக்கழகத்திடமும் அப்படிக் கேட்க யாரும் இல்லை.

எப்படி எழுதுவது

பெரிய நகரங்களின் புகையை அளக்க இரண்டு வழி உண்டு. ஒன்று மேலிருந்து: உயரமான கோபுரத்தில் கருவி பொருத்தி, காற்றில் ஏறி வருகிற கரியமில வாயுவை நேரடியாக முகர்ந்து பார்ப்பது. லண்டனின் பிரிட்டிஷ் ரெலிகொம் கோபுரத்தில் ஆய்வாளர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். செலவு அதிகம், எந்தக் கட்டடம் என்று பிரித்தறிவதும் கடினம். மற்றது கீழிருந்து: பில்லிலிருந்து. நமக்கு இதுதான் தோது. இதற்குத் தேவையான கடதாசிகள் ஒவ்வொரு அலுவலகத்தின் கணக்குப் பகுதியிலும் ஏற்கனவே கோவை போட்டுக் கிடக்கின்றன.

2001 இல் முதலில் வெளியான பச்சைவீட்டு வாயுக் கணக்கு நெறிமுறை உலகமெங்கும் பின்பற்றப்படுகிறது. அது வாயுவை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. நம் பேச்சில் சொன்னால், வளவுக்குள் எரிந்தது முதல் வட்டம். கம்பி வழியாக வந்தது இரண்டாம் வட்டம். நமக்காக மற்றவர் கையால் எரிந்தது மூன்றாம் வட்டம்.

முதல் இரண்டு வட்டத்தையும் எப்படி எழுதுவது என்று பார்க்க, ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்வோம். நான்கு மாடி, 40,000 சதுர அடி. மாதம் 30,000 யுனிட். மின்தடைக்கு ஜெனரேற்றர், மாதம் 600 லீற்றர் டீசல். ஆங்காங்கே நாற்பது ஏசி. இவை நான் வைத்துக்கொண்ட இலக்கங்கள், எந்தக் கட்டடத்துடையவையும் இல்லை.

முதலில் மின்சாரம். இலங்கையில் ஒரு யுனிட்டுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்பது மழையைப் பொறுத்தது. மலைநாட்டில் நல்ல மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் குறையும். வறட்சி வந்தால் நிலக்கரியும் எண்ணெயும் கூடுதலாக எரியும், இலக்கம் ஏறும். கணக்கு இலகுவாக இருக்க யுனிட்டுக்கு அரைக் கிலோ என்று வைப்போம். மாதம் 30,000 யுனிட் என்றால் 15 தொன். வருடத்துக்கு 180 தொன்.

அடுத்தது டீசல். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிவரும். லீற்றரை விட வாயு பாரமாக இருப்பது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். எரியும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேர்வதால்தான். மாதம் 600 லீற்றர், வருடத்துக்கு 19 தொன்னுக்குக் கொஞ்சம் மேல்.

இந்தக் கணக்கில் மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஏசியின் குழாய்க்குள் ஓடுகிற வாயு. “காஸ் குறைஞ்சிட்டு, அடிக்கணும்” என்று ஏசிக்காரர் சொல்லும்போது, முன்பு அடித்த காஸ் எங்கே போனது என்று நாம் கேட்பதில்லை. ஆகாயத்துக்குத்தான் போனது. பரவலாக உள்ள ஆர்-410ஏ வாயுவின் ஒரு கிலோ, வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். நாற்பது ஏசியிலும் சேர்த்து வருடத்தில் பத்துக் கிலோ கசிந்தால் 20 தொன்னைத் தாண்டிவிடும். வருடம் முழுவதும் ஜெனரேற்றர் இரைந்து தள்ளிய புகையை விட, சத்தமே இல்லாமல் ஒழுகிய இந்தப் பத்துக் கிலோ கூடுதல். புதிதாக வருகிற ஆர்-32 வாயு இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வெப்பத்தைப் பிடிக்கும். இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018 இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஏசி பழுதுபார்க்க வருகிறவர் எத்தனை கிலோ அடித்தார் என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்வது அற்பமான காரியம் இல்லை.

மூன்றையும் கூட்டினால் வருடத்துக்குச் சுமார் 220 தொன். சதுர அடிக்கு ஐந்தரைக் கிலோ. இந்தக் கடைசி இலக்கம்தான் பயனுள்ளது. இதை வைத்துத்தான் பெரிய கட்டடத்தையும் சின்னக் கட்டடத்தையும் ஒப்பிடலாம், இந்த வருடத்தையும் போன வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாசிக்குடா ஹோட்டல்களுக்குச் சதுர அடியை விட, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பார்ப்பது பொருத்தம்.

ஆஸ்பத்திரிக்குத் தனிப் பக்கம் வேண்டும். சலவை, கிருமிநீக்கம், இருபத்துநான்கு மணி நேர வெளிச்சம் எல்லாம் தவிர்க்க முடியாதவை. நோயாளியின் கட்டிலருகே சிக்கனம் பேச நான் வரவில்லை. ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு விடயம் இருக்கிறது. மயக்க மருந்துகளில் டெஸ்புளூரேன் என்ற வாயு கரியமில வாயுவை விட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். அதே வேலையைச் செய்யும் வேறு மருந்துகள் இருப்பதால் ஸ்கொட்லாந்து 2023 இல் அதை ஆஸ்பத்திரிகளிலிருந்து விலக்கிவிட்டது. நோயாளிக்கு எந்தக் குறையும் இல்லாமல் செய்யக்கூடிய குறைப்பு. பதிவேடு எழுதினால்தான் இப்படிப்பட்டவை கண்ணில் படும்.

நியூயோர்க்கின் வாசல் பலகை

நியூயோர்க் நகரம் 2009 இலேயே பெரிய கட்டடங்கள் தங்கள் மின்சார, எரிவாயுப் பாவனையை வருடாவருடம் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அந்த இலக்கங்கள் வெளியிடப்பட்டன. பிறகு கட்டடங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போட்டு, அந்தத் தரத்தைப் பொதுமக்கள் நுழையும் வாசலில் ஒட்ட வேண்டும் என்றது. அதன்பின் 2019 இல் 97ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம் வந்தது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு உச்சவரம்பு. 2024 முதல் அமுல். வரம்பை மீறினால் தொன்னுக்கு 268 டொலர் தண்டம். நாம் கற்பனை செய்த 40,000 சதுர அடிக் கட்டடம் அங்கே இருந்தால் அது அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். டோக்கியோ 2010 இல் பெரிய கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் வரம்பு வைத்து, குறைத்தவர் மிச்சத்தை மற்றவருக்கு விற்கலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

தண்டம் போடும் நிலையில் நாம் இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை. அங்கே நடந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதல் பத்து வருடம் எவ்வளவு எரித்தாலும் தண்டம் இல்லை, எழுதுவதும் வெளியிடுவதும்தான். வாசலில் ‘டி’ என்று ஒட்டியிருக்கிற கட்டடத்துக்குள் தினமும் நுழைகிறவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

இலங்கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைந்தது. 2008 இல் வலுச் சிக்கனக் கட்டடங்களுக்கான விதிக்கோவை வந்தது, பின்னர் புதுப்பிக்கவும் பட்டது. நகர அபிவிருத்தி அதிகாரசபைக்குப் பசுமைக் கட்டட வழிகாட்டி இருக்கிறது. 2021 இல் உலகுக்குக் கொடுத்த வாக்குப்படி, 2030 க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும், 2050 இல் கார்பன் நடுநிலை. எல்லாம் கொழும்பில் எழுதி, கொழும்பில் கோவையிட்டவை. கோவிந்தன் வீதியில் நடக்கிற ஒருவருக்கோ காத்தான்குடியில் கடை வைத்திருக்கிற ஒருவருக்கோ, தன் ஊரின் பெரிய கட்டடங்கள் எவ்வளவு எரிக்கின்றன என்று பார்க்க ஒரு பலகை இல்லை.

கூரை நிறைந்தால் போதுமா

“கூரையில சோலார் போட்டா முடிஞ்சுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. 2016 இல் அரசு தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சோலார்த் திட்டத்துக்குப் பிறகு நம் ஊர்க் கூரைகளிலும் தகடுகள் பெருகிவிட்டன. நல்ல காரியம். வெயிலுக்கு இங்கே என்ன குறை.

ஆனால் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன, வெயில் கொளுத்தியது, மின்சாரம் வேண்டியதை விடக் கூடிவிட்டது. பகல் மூன்று மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை பாவனையாளரைக் கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன், பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதில் நாடே இருண்டது. நண்பகலில் சோலார் நிறைந்தும் மற்ற இயந்திரங்கள் குறைந்தும் இருந்த வலையமைப்பு, அந்த ஓர் அதிர்வைத் தாங்கவில்லை.

அதாவது, பகலில் கொடுத்து இரவில் வாங்கி, வருட முடிவில் கடதாசியில் பூச்சியம் காட்டுகிற கட்டடம் இரவு எட்டு மணிக்கு நிலக்கரியையும் நம்பித்தான் ஓடுகிறது. பெரிய பாவனையாளரின் பில்லில் பகல், உச்சநேரம், பின்னிரவு என்று மூன்று வரியாக யுனிட் பிரிந்து வரும். மாலை ஆறரை முதல் பத்தரை வரை உச்சநேரம். கணக்குப் பதிவேட்டிலும் அந்த மூன்று வரியும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மொத்தத்தை மட்டும் எழுதினால் உண்மை மறைந்துவிடும்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளியந்தீவின் கோட்டைக்குள்தான் நீண்ட காலம் கச்சேரி இருந்தது. போர்த்துக்கேயர் 1628 இல் தொடங்கி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டை. அதன் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கும் குளிர்ந்திருக்கும். அவ்வளவு தடிப்பு. வெயில் உள்ளே வந்துசேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பழைய வீடுகளில் விறாந்தை இருந்தது, தாழ்ந்த கூரை சுவரில் வெயில் விழாமல் பார்த்துக்கொண்டது, வாவிக் காற்று குறுக்காகப் போக எதிரெதிரே சன்னல் இருந்தது. மாவட்டச் செயலகம் 2024 இல் திராய்மடுவின் புதிய கட்டடத் தொகுதிக்குப் போய்விட்டது. கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஊழியர்களுக்கு இடவசதி தேவைதான். ஆனால் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் சதுர அடிக்கு எத்தனை யுனிட் என்று இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்து வருகிற கட்டடத்தை வரைபவருக்கு எந்தப் பாடநூலையும் விட அது உதவும்.

புதிய கட்டடம் என்றால் சீமெந்தின் கணக்கும் உண்டு. ஐம்பது கிலோப் பை ஒன்றின் பின்னால் ஏறத்தாழ நாற்பது கிலோ கரியமில வாயு இருக்கிறது. திருகோணமலையில் அரைத்துப் பையிடும் சீமெந்தின் கிளிங்கர் கப்பலில் வருகிறது, ஆகவே அந்த வாயு வேறு நாட்டின் வானத்தில் கலந்தது. வானம் ஒன்றுதான்.

நாம் எரிப்பது கொஞ்சம்தானே

இதுதான் என்னிடம் அடிக்கடி சொல்லப்படும் மறுப்பு. உண்மையும் இருக்கிறது. ஓர் இலங்கையரின் பங்கு வருடத்துக்குச் சுமார் ஒரு தொன் கரியமில வாயு, ஓர் அமெரிக்கரின் பங்கு அதைவிடப் பத்து மடங்குக்கு மேல். உலகத்தைச் சூடாக்கியது மட்டக்களப்பு இல்லை. அந்த நியாயத்தை நாம் விட்டுக்கொடுக்கவும் கூடாது.

ஆனால் 2022ஐ நாம் மறக்கவில்லை. பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. டீசலுக்கு இரவிரவாக வரிசை. பிறகு ஆவணியில் கட்டணம் 75 வீதம் ஏறியது, ஆறு மாதத்தில் மேலும் 66 வீதம். நாம் எரிக்கிற நிலக்கரியும் டீசலும் ஒவ்வொரு துளியும் டொலரில் வருகிறது. திறந்த கதவுக்கு நேரே பதினெட்டில் ஓடுகிற ஏசி, மருந்து வாங்க வேண்டிய காசைத்தான் வீதிக்கு ஊதிவிடுகிறது. அந்த வருடம் நிறையப் பேர் யுனிட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். கட்டணம் இறங்கியதும் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பழக்கம் நிலைக்க வேண்டுமானால் அது பதிவேட்டில் ஏற வேண்டும்.

இன்னொரு பதிலும் வரும்: வாவிக்கரையில் கண்டல் நட்டுவிட்டால் ஈடாகிவிடும் என்று. கண்டல் நட வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. இறாலுக்கும் மீனுக்கும் அது தொட்டில், அலைக்கு அணை, சேற்றுக்குள் கார்பனைச் சேமிக்கிற களஞ்சியம். ஆனால் எவ்வளவு எரித்தோம் என்று தெரியாமல் எத்தனை கன்று நடுவது? எங்கள் வயல்காரர் களத்தில் பொலியை மரைக்காலால் அளந்து, அவணத்தில் கணக்குச் சொல்லாமல் யாருக்கும் பங்கு பிரித்ததில்லை.

ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான். தொழிற்சாலையிடம் வெளிநாட்டு வாங்குநர் கேட்டதை, பொதுக் கட்டடங்களிடம் அவற்றுக்கு வரி கட்டுகிற மக்கள் கேட்க வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மட்டக்களப்பு மாநகர சபை, மாவட்டச் செயலகம், போதனா வைத்தியசாலை, கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. தமிழிலேயே எழுதலாம். நான்கு கேள்வி போதும்: கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்தக் கட்டடம் மாதாமாதம் எத்தனை யுனிட் பாவித்தது, பகல், உச்சநேரம், பின்னிரவு எனப் பிரித்து, ஜெனரேற்றருக்கு எத்தனை லீற்றர் டீசல், ஏசிகளுக்கு எந்த வாயு எத்தனை கிலோ அடிக்கப்பட்டது, கட்டடத்தின் பரப்பு எத்தனை சதுர அடி. பதில் வந்ததும், மேலே நான் போட்ட கணக்கை உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருவர் அரை மணித்தியாலத்தில் போட்டுவிடுவார். பாடசாலைகளின் சுற்றாடல் கழகங்கள் இதைக் கையில் எடுத்தால் ஒரு தவணைக்குள் நகரத்தின் முதல் பட்டியல் தயாராகிவிடும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகவலைத் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை.